பந்து புர்ஹான் தலையில பட்டுச்சா?

எங்க வீட்டுக்காரர் என்ன வேலை பாக்குறார்னு யாராச்சும் கேட்டா, "குழம்புறார்"னு சொல்லிட்டு நான் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருப்பேன். செலாமின்னு பேரு. சின்ன வயசுல மைதானத்தோட வலது ஓரத்துல பந்தோட ஓடிக் குழம்பினார். இப்ப கோச் ஆகி, அதே ஓரத்துல நின்னு கத்திக் குழம்புறார். என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டது ஒண்ணுதான் அவர் குழம்பாம செஞ்ச காரியம். அதையும் எங்க அப்பாதான் முடிவு பண்ணினார்.

எங்க ஊர் மைதானத்துக்கு ஒரு பக்கம் கருங்கடல், மறுபக்கம் லாரி போற ரோடு. இவரோட அப்பா நெத்திலிப் படகுல போனவர். மகனையும் கூட்டிப் போகப் பாத்தார். படகு கரையை விட்டு நகர்றதுக்குள்ள இவருக்குக் குடலே வெளிய வந்துடும். "இவன் எதுக்குடா லாயக்கு"ன்னு மனுஷன் தலையில அடிச்சுக்கிட்டார். ஓடுறதுக்கு லாயக்குன்னு பள்ளிக்கூடத்துலதான் கண்டுபிடிச்சாங்க. ஓடினா காத்துதான், அந்த ஒரு விஷயத்துல நான் குறை சொல்ல மாட்டேன். மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியே ஊர் கிளப்புல வலது விங் இவருக்குன்னு ஆயிடுச்சு. நடுவுல சென்டர் ஃபார்வர்டா நின்னது புர்ஹான். ரெண்டு பேரும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். இவர் ஓரத்துலருந்து பந்தைத் தூக்கி கிராஸ் போடுவார், அவர் எகிறித் தலையால முட்டி கோலுக்குள்ள தள்ளுவார். அப்படித்தான் நடந்துக்கிட்டு இருந்துச்சு, அந்தப் பாழாப்போன கோல் வர்ற வரைக்கும்.

மேல் டிவிஷனுக்குப் போகணும்னா ஜெயிச்சே ஆகணும்ங்கிற கடைசி ஆட்டம். ஆட்டம் முடியப் போற நேரம். கடல் பக்கத்துலருந்து காத்து அடிச்சுக்கிட்டு இருக்கு. செலாமி பந்தை எடுத்துக்கிட்டு கடலோரமா ஓடினார், ஒருத்தனை ஏமாத்தினார், தலையைத் தூக்கிப் பாத்தார், அடிச்சார். பந்து வளைஞ்சு போச்சு. கோலுக்கு முன்னாடி புர்ஹான் எகிறினார். பந்து உள்ள விழுந்துச்சு. புர்ஹான் ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு ரோட்டுப் பக்கம் ஓடினார். செலாமி ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு கடல் பக்கம் ஓடினார். மிச்ச ஆளுங்க, யாரைப் போய்க் கட்டிப் பிடிக்கிறதுன்னு தெரியாம நடுவுல நின்னு முழிச்சாங்க. ரெஃப்ரி புர்ஹான் பேரை எழுதிக்கிட்டார்.

கல்யாணத்துக்குப் படம் எடுக்குற ஹய்ரியை அன்னிக்குக் கேமராவோட கூட்டிட்டு வந்திருந்தாங்க. பந்து வளைஞ்சு போற நேரம் பாத்து அந்தப் புண்ணியவான் கேமராவைக் கையில வச்சுக்கிட்டே குதிச்சிருக்கான். படத்துல தெரியறது அவன் செருப்பு மட்டும்தான்.

இஸ்தான்புல்லருந்து ஆள் வந்தாங்க. "கோல் போட்ட பையன் யாரு?"ன்னு கேட்டாங்க. ஊர் புர்ஹானைக் காட்டுச்சு. பெரிய கிளப், கார், கடல் பாத்த வீடு, பேப்பர்ல படம். விளையாட்டு முடிச்சுத் திரும்பி வந்தப்போ ஊர்லயே பெரிய பேக்கரி வச்சார். கடைக்குப் பேரு என்ன தெரியுமா? "கோல்காரர் பேக்கரி". இவரோ மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர், இந்தப் பக்கம் ஒரு ஊர்னு சின்னச் சின்ன கிளப்பா அலைஞ்சார். நானும் பாய் தலையணையைச் சுருட்டிக்கிட்டுப் பின்னாடியே அலைஞ்சேன். ஒவ்வொரு ஊர்லயும் ஈரம் ஊறின வாடகை வீடு. கடைசியில முழங்கால் போச்சு, சொந்த ஊருக்கே திரும்பி வந்தோம். நான் தையல் மெஷினை மிதிச்சு வீட்டை ஓட்டினேன், இவர் பரீட்சை எழுதி கோச் ஆனார்.

டீக்கடைக்குள்ள இவர் கால் வச்சா போதும், எவனாச்சும் ஒருத்தன் கேட்டுடுவான். "செலாமி, உண்மையைச் சொல்லு. அது கோலுக்கு அடிச்ச ஷாட்டா, புர்ஹானுக்குப் போட்ட கிராஸா?"

முதல்ல "ஷாட்"னு சொன்னார். "அப்ப புர்ஹான் உன் கோலைத் திருடிட்டானா?"ன்னு கேட்டானுங்க. பதறிப்போய் "இல்ல இல்ல, கிராஸ்"ன்னார். "அப்புறம் எதுக்குய்யா கடல் பக்கம் கையைத் தூக்கிக்கிட்டு ஓடின? மீன் உன்னைக் கட்டிப் பிடிக்குமா?" ஒரே சிரிப்பு. அதுக்கப்புறம் கேட்டா டீயைக் கலக்கிக்கிட்டே இருப்பார். நானே ஒரு நாள் பொறுக்க மாட்டாம கேட்டேன்.

"அடிச்சது நீங்க, உங்க கால். உங்களுக்குக் கூடவா தெரியாது?"

"தலையைத் தூக்கினேன் நெர்மின். புர்ஹான் தெரிஞ்சான். கோலும் தெரிஞ்சுது. அடிச்சேன். நடுவுல என்ன நெனச்சேன்னு தேடிப் பாக்குறேன், அங்க ஒண்ணுமே இல்ல."

இந்தக் கிறுக்கைக் கொண்டு போய் பசங்க தலையிலயும் கட்டினார். பயிற்சியில வலது விங்ல ஓடுற பையன் பந்தை அடிச்சான்னா போதும், விசிலை ஊதி நிறுத்திடுவார். "என்ன நெனச்சு அடிச்ச? ஷாட்டா, கிராஸா? முடிவு பண்ணிட்டு அடி!" பாவம், பசங்க கோல் கோடு வரைக்கும் நல்லா ஓடுவானுங்க, அங்க போய்ப் பந்தைக் காலடியில வச்சுக்கிட்டு யோசிப்பானுங்க. எதிராளி வந்து சாவகாசமா எடுத்துக்கிட்டுப் போவான். "கோச், யோசிச்சா கால் வரல, கால் வந்தா யோசனை வரல"ன்னு ஒருத்தன் அழுதே போட்டான்.

புர்ஹானுக்கும் இவருக்கும் பகைன்னு நினைச்சுடாதீங்க. பகைன்னா தேவலையே, ஒரு வழியா முடிஞ்சிருக்கும். கிளப் கமிட்டியில உக்காந்துக்கிட்டு, "செலாமிக்குக் கோச் வேலை கொடுங்க, இல்லேன்னா நான் விலகிக்கிறேன்"னு சண்டை போட்டதே புர்ஹான்தான். வாரத்துல ஒரு நாள் சூடா ரொட்டியைத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு வருவார். வலை போட்டது, நெத்திலி விலை, பேரன் பேத்தின்னு உலகத்துல இருக்குற எல்லாத்தையும் பேசுவாங்க. அந்தக் கோலைத் தவிர. அவர் போனதும் இவர் ஆரம்பிச்சுடுவார். "எனக்கு எதுக்கு வேலை வாங்கிக் கொடுத்தான்? மனசு உறுத்துதா? உறுத்துதுன்னா பந்து அவன் மேல படலையா? இல்ல, கூட்டாளிங்கிற பாசமா?" எனக்குத் தலை வலிச்சிடும். "ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டுத் தொலைங்களேன்"னா, "அவனே சொல்லட்டும்"பார்.

அவர் சொல்லல. போன மாசம் ஒரு நாள் காலையில, அடுப்புலருந்து ரொட்டியை எடுத்துக்கிட்டு இருந்தவர் அப்படியே உக்காந்தார், போயிட்டார்.

புர்ஹான் மய்யித்தை, அதான் உடலை, பள்ளிவாசல் முற்றத்துல வச்சிருந்தாங்க. மேல பச்சைத் துணி, அது மேல கிளப் கொடி. ஊரே வந்திருந்துச்சு. முன் வரிசையில டீம் பசங்களோட செலாமி. பின்னாடி பொம்பளைங்க. நான் புர்ஹானோட பெண்டாட்டி சானியேவைத் தோளோட பிடிச்சுக்கிட்டு நின்னேன். இமாம் கேட்டார்: "இவரை எப்படிப்பட்ட மனுஷனா அறிஞ்சிருந்தீங்க?" "நல்லவரா அறிஞ்சிருந்தோம்!" செலாமி குரல் எல்லார் குரலுக்கும் மேல கேட்டுச்சு. கடல் இரைச்சலுக்கு மேல கத்திப் பழகின தொண்டை இல்லையா. அடுத்து இமாம், "இவர் மேல உங்களுக்கு உரிமை எதுவும் பாக்கி இருந்தா, அதைப் பொருந்திக்கிட்டீங்களா, மனசார விட்டுட்டீங்களா?"ன்னார். மூணு தடவை கேப்பாங்க. மூணு தடவையும் ஊர் சொல்லணும். கடனோ, அடிச்ச அடியோ, பேசின பேச்சோ, மனுஷன் விடாததை அல்லாவும் விட மாட்டான். அந்தப் பாக்கியோடதான் கப்ருக் குழிக்குள்ள இறங்கணும்.

"பொருந்திக்கிட்டோம்!"னு ஊர் சொல்லுச்சு. செலாமி குரல் இல்ல. ரெண்டாந்தடவையும் இல்ல. மூணாந்தடவை முன் வரிசைப் பசங்களே திரும்பிப் பாத்தானுங்க. இவர் மண்ணைப் பாத்துக்கிட்டு நிக்கிறார். சானியே என் கையை இறுக்கிப் பிடிச்சா.

"நெர்மின், உன் வீட்டுக்காரர் குரல் கேக்கலையே?"

எனக்குப் பூமி பிளந்து உள்ள போயிடலாம்னு இருந்துச்சு.

வீட்டுக்கு வந்ததும் பிடிச்சேன் பாருங்க. "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? ஊரே சொல்லுது, உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு? செத்தவன் கூடவா பந்தயம்?"

"எதைப் பொருந்திக்கிறது நெர்மின்? கோல் என்னோடதுன்னா அவன் எனக்குப் பாக்கி. விட்டுட்டேன்னு சொல்லலாம். கோல் அவனோடதுன்னா பாக்கியே இல்லையே. அப்ப நான் 'விட்டுட்டேன்'னு சொன்னா என்ன அர்த்தம்? அவன் என்கிட்டேருந்து எடுத்தான்னு தானே? அல்லா முன்னாடி, கண்ணை மூடிக் கிடக்குறவன் மேல திருட்டுப் பட்டம் கட்டுறதா?"

"எல்லாரும் கடையில உப்பு கேக்குற மாதிரி சொல்லிட்டுப் போறாங்க!"

"அவங்களுக்கு அவன் மேல ஒண்ணும் இல்ல. சுலபமா சொல்லலாம்."

திட்டணும்னுதான் வாயைத் திறந்தேன். ஆனா இந்த மனுஷன் அழுதுக்கிட்டு இருந்தார். போய் டீ போட்டேன்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சாயங்காலத்துக்குள்ள, "செலாமி பழி வாங்கிட்டான், புர்ஹானைக் கப்ருல நிம்மதியா படுக்க விடல"ன்னு பேச்சாயிடுச்சு. ரொட்டிக் கடையில எனக்கு முன்னாடி நின்னவ முகத்தைத் திருப்பிக்கிட்டா. மறுநாள் கிளப் தலைவர் ஃபிக்ரெத் வந்தார். ஹேசல்நட் கொட்டை வியாபாரி, எதையும் எடை போட்டுத்தான் பேசுவார்.

"தங்கச்சி, டீயெல்லாம் வேண்டாம். செலாமி, நான் உன்னைத் தூக்கணும்னு சொல்லல. பசங்களோட அப்பன்மாருங்க சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்குள்ள புர்ஹான் சமாதிக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடு. இல்லேன்னா மைதானத்துப் பக்கம் வராத."

"தெரியாததை எப்படிண்ணே சொல்றது?"

"ஏம்பா, ஒரு வார்த்தைப்பா! நாக்கு என்ன தேஞ்சா போயிடும்?"

இவர் இமாமைத் தேடிப் போனார். இமாம் பொறுமையா கேட்டுட்டு, "எது எதுன்னு பிரிக்காத, இருக்குற உரிமை எல்லாத்தையும் விட்டுட்டேன்னு மொத்தமா சொல்லு"ன்னாராம். நல்ல யோசனைதானே? வேற எவனா இருந்தாலும் அதோட எழுந்திருச்சு வந்திருப்பான். இவர் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போய், "அவனுக்கு என் மேல உரிமை இருந்தா?"ன்னு கேட்டிருக்கார். "பந்து நெஜமாவே அவன் தலையில பட்டிருந்தா, இத்தனை வருஷம் அவன் கோலை என்னோடதுன்னு மனசுக்குள்ள வச்சிருந்தவன் நான். நான்தானே கடன்காரன்? அதை இப்ப யார்கிட்ட போய்க் கேக்குறது?" இமாம் கடைசியில, "வாரிசுங்ககிட்ட கேளு"ன்னுட்டார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு சானியே வீட்டுக்குப் போனோம். கூடம் நிறைய ஆளுங்க. ஃபிக்ரெத்தும் இருந்தார். செலாமி உள்ள நுழைஞ்சதும் பேச்சு நின்னு போச்சு. சொல்லத்தான் வந்துட்டான்னு எல்லாருக்கும் ஒரு நிம்மதி. இவர் சானியேவுக்கு முன்னாடி போய் நின்னார், தொப்பியைக் கழட்டிக் கையில பிசைஞ்சார்.

"சானியே, புர்ஹானுக்கு என் மேல உரிமை இருக்கு. அவன் கோலை என்னோடதுன்னு ரொம்ப வருஷமா நெனச்சுட்டேன். அவன் இல்ல. அவன் சார்பா நீ பொருந்திக்கோம்மா."

சானியே முகத்துல ரத்தமே இல்ல. "பொருந்திக்கிட்டேன் அண்ணே"ன்னா.

"சரிய்யா, இப்ப நீ சொல்லு"ன்னார் ஃபிக்ரெத்.

"நான் என்னத்தைச் சொல்றது? கோல் அவனோடதுன்னு ஒத்துக்கிட்டாச்சு. அவன் எனக்கு ஒண்ணும் தர வேண்டியதில்ல."

ஆளாளுக்குத் தலையாட்டினாங்க. கூட்டத்துல ஒருத்தர், "மனுஷன்யா"ன்னார். ஃபிக்ரெத் எழுந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டார். "ஞாயித்துக்கிழமை சீக்கிரம் வந்துடு." என் வீட்டுக்காரர் முகத்தைப் பாத்தேன். முள்ளை எடுத்துப் போட்ட கால் மாதிரி அப்படி ஒரு தெளிவு. அவர் முகம் அப்படி இருந்து நான் பாத்ததே இல்ல.

துஆ ஓதி வேண்டிக்க வந்தவங்களுக்குக் கொடுக்குற ரவை ஹல்வாவைக் கிண்டிக்கிட்டு இருந்தாங்க. ஒத்தாசைக்கு நான் அடுப்படிக்குள்ள போனேன். சானியே மத்தவளுங்களை வெளிய அனுப்பிட்டுக் கதவைச் சாத்தினா. கரண்டியை என் கையில கொடுத்துட்டு அப்படியே சுவத்துல சாஞ்சா.

"படலை நெர்மின்."

"என்னது?"

"பந்து. அவர் மேல படலை. ஒரு முடி கூட படலை. தலைக்கு மேல காத்து போன மாதிரி இருந்துச்சுன்னார். கல்யாணமான வருஷம் என்கிட்ட சொல்லி அழுதார். சந்தோஷத்துல கையைத் தூக்கிக்கிட்டு ஓடினாராம், ரெஃப்ரி பேரை எழுதிட்டாராம். சொல்லிடலாம்னு போறதுக்குள்ள இஸ்தான்புல் ஆள் வந்து கையை நீட்டிட்டானாம்."

ரவை அடிப்பிடிக்குது.

"எங்க வீட்டுக்கு வாரா வாரம் வந்தாரே சானியே? ஒரு நாள் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் வருவார். வந்து ரொட்டியைக் கொடுத்துட்டு, டீ குடிச்சுட்டுத் திரும்பிடுவார். 'அது கிராஸா இருந்தாலும் இருக்கும்னு செலாமியே சொல்றான், அவனுக்கே தெரியல, நான் எதுக்கு?'ன்னு தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்குவார்." என் தலைத்துணி நுனியைப் பிடிச்சுக்கிட்டா. "உரிமைப்பட்ட மனுஷன் வந்து என்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போறாரு. என் புருஷன் அந்தப் பாக்கியோட மண்ணுக்குள்ள கிடக்குறார். செலாமி அண்ணன்கிட்ட சொல்ல எனக்குத் தைரியம் இல்ல, வெளியில என் புள்ளைங்க இருக்கானுங்க. நீ சொல்லு நெர்மின். அந்தக் கோல் வந்திருந்தா உனக்கும்தானே வந்திருக்கும்? உனக்கும் உரிமை இருக்கு. பொருந்திக்கிட்டேன்னு நீயாவது ஒரு வார்த்தை சொல்லிடு."

ஒரு வார்த்தை. உப்பு கேக்குற மாதிரி.

எனக்கு வரல. சத்தியமா வரல. கடல் பாத்த வீடு, கார் எல்லாம் கூட இல்ல, அது போகட்டும். ஈரச் சுவத்துல முதுகைச் சாய்ச்சு உக்காந்து, தன் காலையே உத்துப் பாத்துக்கிட்டு, "நடுவுல என்ன நெனச்சேன், நடுவுல என்ன நெனச்சேன்"னு முனகின மனுஷன்தான் கண்ணு முன்னாடி நின்னார். எனக்கு ஆத்திரம் பொங்கிட்டு வந்துச்சு, சானியே மேல, புர்ஹான் மேல, அந்த ரொட்டி மேல. அவ எதிர்ல நின்னு அழுவுறா. அவ மேல என்ன தப்பு? அதுவும் புரியல.

"கோலைப் பொருந்திக்கிட்டேன் சானியே," கடைசியில இவ்வளவுதான் வந்துச்சு. "அவர் பட்ட பாட்டைப் பொருந்திக்க எனக்கு இன்னும் மனசு வரல. கொஞ்ச நாள் கொடு."

அவ தலையாட்டினா. ரெண்டு பேரும் ஹல்வாவைத் தட்டுல போட்டோம்.

ஞாயித்துக்கிழமை நானும் மைதானத்துக்குப் போனேன். செலாமி கோட்டோரமா நின்னு கத்துறார். "யோசிக்காதடா! அடி! எங்க போகுதோ போகட்டும்!" வலது விங் பையன் ஒரு நிமிஷம் நம்ப முடியாம திரும்பிப் பாத்தான். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு அடிச்சான். பந்து கோலையும் தாண்டி, வேலியையும் தாண்டிக் கடல்ல விழுந்துச்சு. இவர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறார். ஆட்டம் டிராவாச்சு. பசங்க ஜெயிச்ச மாதிரி துள்ளினானுங்க.

வீட்டுக்கு வர்ற வழியில டீக்கடை. ஹய்ரி வாசல்ல உக்காந்திருந்தான், அதே கேமராக்கார ஹய்ரி.

"செலாமி அண்ணே, இப்பவாச்சும் சொல்லுங்க. ஷாட்டா, கிராஸா?"

"கிராஸ்டா." டீயைக் கலக்கல, தலையைக் குனியல. "கோல் புர்ஹானோடது. அல்லா அவனுக்கு இடம் கொடுக்கட்டும்."

கடையே ஆமீன் சொல்லுச்சு. இவர் நடந்துக்கிட்டே என் பக்கம் திரும்பினார். கண்ணு ரெண்டும் பளிச்சுன்னு இருக்கு.

"சரியாத்தானே சொன்னேன் நெர்மின்?"

சானியே சொன்னதைச் சொல்லிட்டா கோல் இவர் கைக்கு வரும், தூக்கம் போயிடும். இவரே மனசார விட்டாத்தான் புர்ஹானுக்கும் விடுதலை. ஆனா விடணும்னா முதல்ல இவருக்குத் தெரியணும். தெரிஞ்சா விடுவாரா? விட்டாலும் இப்படிச் சிரிப்பாரா? இவர் என் பதிலுக்காக நின்னுக்கிட்டு இருக்கார்.

"ஆமாங்க, சரியாத்தான் சொன்னீங்க"ன்னேன்.